சீனி ஒட்டாத இரத்தம்

வெள்ளவத்தைப் புத்தகக் கடையில் கிளார்க்காக இருக்கும் நாகேந்திரத்தாருக்குத் தன் இரத்தத்தைப் பற்றி அப்படியொரு பெருமை. "என்ர ரத்தம் ஓ குறூப். ஆருக்கும் ஏத்தலாம்" என்று கேளாதவர்களுக்கும் சொல்லுவார். கோயிலில் இரத்ததான முகாம் நடந்தால் மைக்கைப் பிடித்து ஊரையே கூப்பிடுவார். தான் மட்டும் ஒரு துளி கொடுத்ததில்லை. ஊசி என்றால் மனுசனுக்கு அவ்வளவு பயம்!

ரோசத்துக்கும் குறைவில்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கும் தங்கச்சி ஜெகதீஸ்வரி, தன் சம்பந்தி வீட்டார் முன்னால் இவருக்குக் கொடுத்த தேத்தண்ணீரில் சீனி போட மறந்துவிட்டாள். அவமதித்துவிட்டாளாம். இரண்டு வருடமாகப் பேச்சில்லை.

போன மாதம் காலி வீதியில் பஸ்ஸால் இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஒப்பரேஷனுக்கு இரத்தம் வேண்டும். "ஓ தானே, தாராளமாக் கிடைக்கும்" என்று கட்டிலில் கிடந்தபடியே கையை வீசினார். ஆனால் ஆய்வுகூடத்து ரபீக்கா சோதித்த ஓ பை ஒவ்வொன்றும் இவருடைய இரத்தத்தோடு சேர்ந்ததும் திரண்டுபோனது.

"அங்கிள், சிவப்பு அணு மேல ஒரு வகைச் சீனிய ஒட்டுறதுக்கு எங்கட ஒடம்புல ஒரு நொதியம் ஈக்கு. ஓ ஆக்களுக்கும் ஈக்கு. ஒங்களுக்கு மட்டும் அது வேல செய்யல்ல. ஒங்களப் போலச் சீனி ஒட்டாத ரத்தம்தான் ஒங்களுக்குச் சரிவரும். அது கெடைக்கிறது மிச்சம் கஷ்டம். கூடப்பொறந்த ஆக்கள் ஈக்காங்களா?"

கட்டிலருகில் நின்ற மனைவி இவரைப் பார்த்தாள். நாகேந்திரத்தார் முகட்டைப் பார்த்தார். சீனி போடாத தேத்தண்ணீருக்காகத் தங்கச்சியைத் தள்ளிவைத்தவருக்கு, ஐம்பத்தெட்டு வருடமாகத் தன் உடம்பும் அதே பிழையைத்தான் செய்துகொண்டிருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது! பொருந்துகிற இரத்தம் கிடைக்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டொக்டர் வேறு சொல்லிவிட்டார். பின்னேரம் வரை போனைக் கையில் வைத்து உருட்டினார். கடைசியில் தங்கச்சிக்குக் கோல் எடுத்துவிட்டார். "தங்கச்சி, நான்..." என்று தொடங்கினார்.

"மச்சாள் எல்லாம் சொன்னவா, அண்ணை. நான் வெளிக்கிட்டிட்டன்" என்றாள் ஜெகதீஸ்வரி.

அவளுடைய இரத்தம் பொருந்தியது. மறுநாள் இரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்டருமாகக் கட்டிலடியில் வந்து நின்றாள்.

"இதுவும் சீனி இல்லாததுதான். கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போயிடாதேங்கோ."

சிரிக்கப் போய் இடுப்பு நொந்தது. கண்ணும் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்து அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி நல்லா நொந்ததோ, தங்கச்சி?"