கிளைவ் சாரின் முதல் வரி

ஹெப்பாளில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனி. அங்கே பெருக்கித் துடைத்து, காபி டிபன் வாங்கி வருகிறவள் பஞ்சவர்ணம். மார்டள்ளி கிராமத்துக்காரி, படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. பெரிய இன்ஜினியர் கிளைவுக்கு அவளும் மேசையும் ஒன்று. மேசையிடமாவது சற்று மெதுவாகப் பேசுவார்.

தொண்ணூற்றொன்பதில் அவர் ஓர் ஓட்டலுக்கு வெப்சைட் செய்தார். முகவரியின் கடைசியில் 'அறை' என்று வந்தால் அறைகளைக் காட்டும் வேலை நடக்க வேண்டும். 'சாப்பாடு' என்றால் சாப்பாட்டைக் காட்டும் வேலை. எதற்கு எது என்று ஒரு பட்டியல். கம்ப்யூட்டர் அதை மேலிருந்து படித்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். பக்கத்து சீட்டு லிசா சொல்லித்தான் பஞ்சவர்ணத்துக்கு இவ்வளவும் தெரியும்.

ஓட்டல்காரர் பார்க்க வரும் நாளில், எதை அமுக்கினாலும் முகப்புப் பக்கமே வந்தது. அதில் கிளைவின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது, ஓட்டலின் பெயரைவிடப் பெரிதாக.

"துடைக்கிறேன்னு வயரை இழுத்துட்டா இவ! நாளையிலிருந்து நீ வராதே," என்று அவளிடம் கத்தினார் கிளைவ்.

"நான் இழுக்கலீங்க சார்."

"வாயை மூடு."

இதற்கு முன் நாலு வருஷம் சித்தாள் வேலை. திரும்பவும் சட்டி சுமப்பதை நினைத்தாலே அவளுக்குக் கழுத்து வலித்தது. சுவரில் அச்செடுத்து ஒட்டியிருந்த அந்தப் பட்டியலைப் பார்த்தாள்.

"லிசாம்மா, மேல இருக்கற இந்த நட்சத்திரம் என்னங்க?"

"எது வந்தாலும்னு அர்த்தம், ஆன்ட்டி. எது வந்தாலும் முகப்பைக் காட்டுன்னு."

"அதை எதுக்குத் தலையில வெச்சிருக்காரு?"

"அவர் பேர் ஓடுற பக்கமாச்சே," என்று லிசா முணுமுணுத்தாள்.

பஞ்சவர்ணம் டிபன் சீட்டை எடுத்துக் கிளைவிடம் நீட்டினாள். "பாருங்க சார். உங்களுக்குத் தோசை, லிசாம்மாவுக்கு இட்லி. பேர் கொடுக்காத அத்தனை பேருக்கும் உப்பிட்டு, அதாங்க உப்புமாங்கறது கடைசியில இருக்குது. அதை மொதல்ல படிச்சா, நீங்களும் உப்பிட்டுதான் திங்கோணும்."

லிசா சிரிப்பை இருமலாக்கினாள். அத்தனை படித்த முகம் கொஞ்ச நேரம் ஒன்றும் படிக்காத முகமாக இருந்தது. பிறகு அவர் கம்ப்யூட்டரில் நட்சத்திர வரியை வெட்டிப் பட்டியலின் அடியில் ஒட்டினார். அறை திறந்தது. சாப்பாடு திறந்தது.

"வயர் சரியாயிடுச்சு," என்றார், கொஞ்சமும் கூசாமல். வாசலில் ஓட்டல்காரரின் கார் வந்து நின்றது. "போய்க் காபி கொண்டு வா."

"நாளைக்கு நான் வரலாமுங்களா?"

"வா, வா. காபி!"

"வயரை நான் இழுக்கலைன்னு சொல்லிருங்க."

அவள் நகரவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"நீ இழுக்கலை," என்றார் கிளைவ், திரையைப் பார்த்தபடி.

"என்னையப் பார்த்துச் சொல்லுங்க சார்."

பார்த்தார். சொன்னார். பஞ்சவர்ணம் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.