பொட்டு வைத்த கீபோர்டு

கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தக் கம்ப்யூட்டர் கீபோர்டை வாங்கினேன். செங்கல் கனம் கனத்தது. பிரிக்பீல்ட்ஸில் நான் தனியாக இருக்கும் பிளாட்டுக்குக் கொண்டுவந்து, பொத்தான்களைக் கழற்றித் துடைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங். அழுத்தினால் 'டக்' என்று பதில் சொல்கிறது. என் லேப்டாப் ஊமை, அதை எனக்குப் பிடிக்காது.

ஸ்பேஸ் பாருக்குக் கீழே, விளிம்பில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. ஏதோ ஓர் ஆபீசில் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள், பழையதன் மேலேயே புதியது. சுரண்ட மனம் வரவில்லை.

அதன் பழைய காலத்து வட்டப் பிளக் லேப்டாப்பில் பொருந்தவில்லை. அதற்கும் அடாப்டர் கிடைக்கும், நான்தான் வாங்கவில்லை. ஒயரைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, சாயங்காலங்களில் எதிலும் இணைக்காமலே அதில் எதையாவது தட்டிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் லிஃப்டில் பக்கத்து வீட்டு அம்மா கேட்டார்.

"தினம் டைப் அடிக்கிற சத்தம் கேக்குது. யாருக்கு அண்ணே இவ்வளவு எழுதுறீங்க?"

"மகளுக்கு. ஆஸ்திரேலியாவுல இருக்கா லா."

"பதில் போடுறாளா?"

"பதில் போடாமலா இவ்வளவு எழுதுறேன்?" என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே.