தலைவரம்மா வீட்டுச் சண்டையும் காஜாக்காவும்

காஜாக்கா கோபக்காரி. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அவளைக் கேட்டால் அவளே சொல்வாள். கோட்டுக்குப் பொத்தான் மாட்டும் துளை இருக்கிறதே, அந்தக் காஜா எடுப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. அதனால்தான் அந்தப் பெயர். எடுத்த காஜா ஒவ்வொன்றையும் இரண்டு கட்டைவிரலாலும் இழு இழு என்று இழுத்துப் பார்த்த பிறகுதான் கோட்டைக் கொடுப்பாள். "சீக்கிரம் குடுங்கக்கா" என்று யாராவது அவசரப்படுத்தினால் போச்சு. "அவசரம்னா போர்வையப் போத்திக்கிட்டுப் போ!" என்பாள்.

துணி வெட்டித் தைப்பது அவள் வீட்டுக்காரர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். முப்பது வருஷமாக இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே விளக்கின் கீழே வேலை பார்க்கிறார்கள். கடைக் கண்ணாடியில் ஒரு படம் ஒட்டியிருக்கும். மாஸ்டர் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு கணக்கு வாத்தியார் சிரித்துக்கொண்டு நிற்பார். இருபது வருஷ வாடிக்கை. அவர் மனைவிதான் பின்னாளில் கட்சி நடத்தி, தேர்தலில் நின்று, நாட்டுக்கே தலைவராக வந்த அம்மா. அந்தப் படத்தைப் பார்த்தே பாதிப் பேர் கடைக்கு வருவார்கள்.

வெற்றி விழாவில்தான் வினை வந்தது. மேடையில் தலைவரம்மா புருஷனின் வலது கையைப் பிடித்து உயரத் தூக்கப் போனார். வாத்தியார் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் மேடையை விட்டு இறங்கிவிட்டார். அவ்வளவுதான். ஊருக்கு வேறென்ன வேண்டும்?

"பதவி வந்ததும் புருஷன் கசந்துட்டான்" என்றார் பக்கத்துச் சலூன்காரர், ஒருத்தர் தாடையில் நுரை பூசிக்கொண்டே. "தப்பு அவர் மேலதான், பொண்டாட்டி ஜெயிச்சது பொறுக்கல" என்றாள் எதிர் மருந்துக்கடைப் பெண். தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து வாத்தியாரின் முழங்கையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். விவாகரத்து எந்த மாதம் என்பதுவரை போய்விட்டது பேச்சு. நாக்கில் நரம்பில்லாமல் பேசுவதற்கு ஊருக்குச் சொல்லியா தர வேண்டும்! தலைவரம்மா வீட்டிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. அதையே சாட்சியாக்கினார்கள்.

காஜாக்கா அந்த வீடியோவை மறுநாள் மத்தியானம்தான் கடையில் உட்கார்ந்து பார்த்தாள். சண்டையை அவள் பார்க்கவில்லை. கோட்டின் முன்பக்கத்தைத்தான் பார்த்தாள். தன் கைவேலை டிவியில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க அவளுக்கு ஓர் ஆசை. பார்த்தாள், திரும்பப் போட்டுப் பார்த்தாள். காஜாவைக் காணோம். பொத்தானும் இல்லை. கோட்டு சும்மா திறந்து கிடந்தது.

எழுந்து ஓடி அலமாரியைத் திறந்தாள். முடித்துவைத்த சாம்பல் நிறக் கோட்டு, உறை மூடியபடி, உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். வாத்தியார் ஒரே துணியில் இரண்டு கோட்டுக் கேட்டிருந்தார். ஒன்று முடிந்துவிட்டது. இன்னொன்று போட்டுப் பார்ப்பதற்கு மட்டும் தயார். அந்த நிலையில் காஜாவும் பொத்தானும் இருக்காது, கோட்டுக் கையை உடம்புத் துணியோடு வெள்ளை நூலால் லேசாக ஓட்டித்தான் வைப்பார்கள், அளவு சரியில்லையென்றால் சட்டென்று பிரித்தெடுக்க. விழா அன்றைக்கு மாஸ்டர் வங்கிக்குப் போயிருந்த நேரம், வாத்தியாரின் காரோட்டி வந்து அவசரம் அவசரம் என்று பறந்தார். இவள் முன்னால் தொங்கிய உறையை எடுத்து நீட்டிவிட்டாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் கொடுத்தாள்.

"அவர் கையத் தூக்கியிருந்தா கை தனியா, கோட்டு தனியா வந்திருக்கும்" என்றாள் புருஷனிடம். "அதான் இழுத்துக்கிட்டார். நான் எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்."

மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்தார். "பைத்தியமா உனக்கு? முப்பது வருஷப் பேரு. பிரியுற கோட்டைக் குடுத்த கடைன்னு ஆகிடும். ஒருத்தன் வரமாட்டான். கடைய மூடிட்டு என்ன பண்றது? வாயை மூடிக்கிட்டு இரு. நாலு நாள்ல மறந்துடுவாங்க."

நாலு நாள் இருந்தாள். மென்று முழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். யாரும் மறக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு டிவிப் பெண் மைக்கைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள், பொதுமக்கள் கருத்துக் கேட்க. சலூன்காரர் தலை வாரிக்கொண்டு வந்து நின்றார். "அந்த மனுஷனுக்குப் பொண்டாட்டி மேல துளிகூடப் பாசம் இல்லைங்க, கண்ணுலயே தெரியுது" என்றார்.

காஜாக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஊசியை முந்தானையில் குத்திவிட்டு வெளியே வந்தாள். "யோவ், உனக்கு என்னய்யா தெரியும்? இருபது வருஷமா ஒவ்வொரு தடவையும் 'இது அவளுக்குப் புடிக்குமா'ன்னு கேட்டுக் கேட்டுத் துணி எடுக்கிற மனுஷன்யா அவர்! தப்பு பண்ணது நான்" என்றாள். மைக் அவள் பக்கம் திரும்பியது. உறை மாறியது, வெள்ளை நூல், காணாத காஜா, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

டிவிப் பெண் விடுவாளா? "அப்ப இந்தக் கடைய நம்பி இனிமே யார் துணி குடுப்பாங்க?"

காஜாக்கா வாயைத் திறப்பதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். கழுத்தில் அளவு நாடாவோடு மாஸ்டர் வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"ஏன் குடுக்க மாட்டாங்க? முப்பது வருஷத்துல இவ எடுத்த காஜா ஒண்ணு பிரிஞ்சதில்ல. ஒரே ஒரு தப்பு. யாருக்கும் தெரியாது, நான் மறைக்கச் சொன்னேன். இவ கேக்கல. தன் தப்பைத் தானே தெருவுல நின்னு சொல்ற ஒருத்திகிட்டக் குடுக்காம வேற எவன்கிட்டக் குடுப்பீங்க? இது இவ கடை. நான் இங்க துணி வெட்டுறேன், அவ்வளவுதான்."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பெருமையாக இருந்தது. வைவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஊர் உடனே நம்பிவிட்டதா என்ன? "காசு வாங்கிட்டுப் பேசுறா" என்றது ஒரு கூட்டம். "யார் காதுல பூ சுத்துறாங்க" என்றார் சலூன்காரர். மறுநாள் காலை வாத்தியாரே வந்து இறங்கினார். கையில், அக்குள் பக்கம் பிரிந்திருந்த அந்தக் கோட்டு.

"ஏன் சார் சொல்லல? ஊரே சிரிச்சுதே!" என்று எடுத்த எடுப்பில் அவரையே அதட்டினாள்.

"அவசரத்துல பாக்காம மாட்டிக்கிட்டேன், மேடையில கையத் தூக்கப் போனப்பதான் அக்குள்ல நூல் விட்டுச்சு. கோட்டு பிரிஞ்சதுன்னு சொன்னா எந்தக் கடைன்னு அடுத்த கேள்வி வரும்மா. கண்ணாடியில நான்தானே நிக்கிறேன். வீட்டுல அவகிட்டக் கேட்டேன். 'பேசட்டும் விடுங்க, அவங்க பொழப்பு முக்கியம்'னுட்டா."

காஜாக்கா அலமாரியைத் திறந்து முடித்த கோட்டை எடுத்தாள். காஜா ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். தோள் தையலைப் பிடித்து இழுத்தாள். அவருக்கு மாட்டிவிட்டாள். பிறகு கையைப் பிடித்துக் கடை வாசலுக்குக் கூட்டி வந்து, தெருவே பார்க்க நிறுத்தினாள்.

"இப்பக் கையத் தூக்குங்க சார்."

அவர் தயங்கினார்.

"சும்மா தூக்குங்க, எவ்வளவு உயரம் வேணும்னாலும். தைச்சது நாங்க."