கிரீன் கார்டு வரட்டும் என்று கிடந்த படகு

கலிஃபோர்னியா டப்ளினில், எங்கள் தெருவோரம் யாரோ விட்டுப்போன பழைய படகு ஒன்று மழைத்தண்ணீரோடு கிடந்தது. வாரக் கடைசியில் கூடும்போதெல்லாம் தெருவின் தமிழ்க் குடும்பத்தார் நாங்கள் அதைத் திட்டுவோம். நகராட்சி அலுவலகமான சிட்டி ஹாலில் சொல்லலாமே என்றால் என் கணவர், "நமக்கு எதுக்கு வம்பு? மொதல்ல கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் கம்ப்ளெயிண்ட் பண்ணலாம்" என்பார்.

ஒரு சனிக்கிழமை, கண்ணாமூச்சி விளையாடிய என் மகள் படகின் தார்ப்பாய்க்குள் புகுந்து தண்ணீரில் விழுந்துவிட்டாள். நாயோடு நடந்து வந்த ஒருவர் அலறல் கேட்டுத் தூக்கிவிட்டார். நல்லவேளை, வெறும் இருமலோடு போயிற்று.

சிட்டி ஹாலில் நடந்த அடுத்த நகரமன்றக் கூட்டத்துக்கு வேலைக் களைப்போடு போனேன். லாபநோக்கில்லாத மருத்துவமனைக்கு வரி போடலாமா என்று மணிக்கணக்கில் சண்டை. கடைசியில் என்னைப் பேச அழைத்தார்கள். "எனக்கு கிரீன் கார்டு இல்லை" என்றுதான் ஆரம்பித்தேன்.

மன்றத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அதை யார் கேட்டது? எந்தத் தெரு, அதைச் சொல்லுங்கள்" என்றார்.

அந்த வாரமே படகு போய்விட்டது. இப்போது எல்லாக் கூட்டத்துக்கும் போகிறேன். மருத்துவமனைச் சண்டை ஓயவில்லை. கொட்டாவி விட்டபடி கேட்கிறேன். கிரீன் கார்டும் இன்னும் வரவில்லை.