பெரிய வெள்ளி கழியட்டும்

மரியமலரைப் போல நல்ல மனுசி திருகோணமலைத் துறைமுகக் கரையிலேயே இல்லை என்று கோயில் பங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உள்ளுக்குள் என்ன வெந்துகொண்டிருந்தது என்பதை நான் சொல்கிறேன்.

பள்ளிச் சட்டை தைத்துப் பிழைக்கிறவள். புருஷன் ஹெக்டருக்குத் துறைமுகத்தில் வெல்டிங் வேலை. பெரிய வெள்ளியன்று சிலுவையடியில் தனியே நின்று மாதாவின் புலம்பலைப் பாடுவது குமரிக் காலத்திலிருந்தே அவள்தான். அந்த ஒரு நாள் ஊரே அவளைப் பார்த்து அழும்.

இந்த வருடம் பாதர் அதைச் சுதர்ஷிகாவிடம் கொடுத்துவிட்டார். அவள் வெருகல் பக்கத்துப் பெண். இந்தப் பங்குப் பெடியன் றிக்சனைக் கல்யாணம் கட்டுவதற்காகப் போன வருடம்தான் ஞானஸ்நானம் பெற்றவள். முருகன் கோயில் திருவிழாக்களில் பாடிப் பழகிய தொண்டை.

“நல்ல தெரிவு பாதர்,” என்றாள் மரியமலர். எல்லோருக்கும் முன்னால் சுதர்ஷிகாவைக் கட்டிக் கொஞ்சினாள். வீட்டுக்கு வந்து குசினியில் சட்டிகளைப் போட்டு அடித்தாள்.

“நேற்றைக்குச் சிலுவை போடப் பழகினவள்! எனக்கு மேலையோ?”

“அப்ப ஏன் அவளைக் கொஞ்சினனீர்?” என்றார் ஹெக்டர்.

“சனம் பாத்துக்கொண்டெல்லோ நிண்டது!”

குருத்து ஞாயிறு முடிந்த கையோடு சுதர்ஷிகாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மரியமலருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உடனே கொத்தமல்லி அவித்துக்கொண்டு ஓடினாள். அவள் சுகத்துக்காகப் பூசையும் ஒப்புக்கொடுத்தாள். “என்ன மனசு!” என்று கோயிலே உருகியது. முழங்காலில் நின்று, “ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குச் சுகம் தாரும்,” என்று வாய்விட்டுச் செபித்தாள். “பெரிய வெள்ளி கழியட்டும்,” என்பதை மட்டும் வாய்க்குள் சொன்னாள்.

பாதர் பாட்டைத் திரும்ப மரியமலரிடமே கொடுத்தார்.

பெரிய வியாழன் பின்னேரமும் கொத்தமல்லியோடு லிங்கநகரில் இருந்த சுதர்ஷிகா வீட்டுக்குப் போனாள். சுதர்ஷிகா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டபடி பாடிக்கொண்டிருந்தாள். குரலில் ஒரு கீறல் இல்லை. மரியமலரைக் கண்டதும் வாயைப் பொத்தினாள்.

“செவ்வாய்க்கிழமையே சுகம் வந்திட்டுது அக்கா. பாதருக்குச் சொல்லேல்லை. பாட்டை எனக்குத் தந்த அண்டைக்கு உங்கட முகம் போன போக்கைப் பாத்தனான். நீங்களே பாடுங்கோ.”

“பாதருக்குப் பொய் சொன்னனியோ?”

“ஓம் அக்கா. பாவசங்கீர்த்தனத்திலை சொல்லோணும்.”

மரியமலர் முற்றத்துக் கதிரையில் இருந்துவிட்டாள். பாட்டில் இவள் முந்தினாள், சரி, குரல் இருக்கிறது. இப்போது மனசிலும் முந்திவிட்டாளே! இருந்த பொறாமை இரண்டு மடங்காக ஏறியது.

“நீயே பாடு.”

“ஏன் அக்கா, கோவமோ?”

“கோவமில்லை, எரிச்சல். உனக்குத் தொண்டை கட்டினது எனக்குச் சந்தோசம். பூசை குடுத்தது ஊருக்குக் காட்ட. இப்பவும் உன்னைக் கண்டா எனக்குப் பத்தி எரியுது. அதைத் தெரிஞ்சுகொண்டு பாடு.”