பூங்கொடி சுட்ட வெடிப்பு பிஸ்கட்

என் தம்பி பெண்டாட்டி பூங்கொடிக்கு மீன் ஆயத் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு வஞ்சிரத்தைக் கையில் கொடுத்தால், கைக்குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்பாள். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். தம்பி தீனா அவளை எங்கள் குப்பத்துக்குக் கூட்டிவந்த அன்று முதலில் கத்தியது நான்தான்.

"நண்டு ஒடைக்கத் தெரியாதவள வெச்சிகினு இன்னா பண்ணப் போறடா?" என்றேன்.

"பிஸ்கட் சூப்பரா சுடுவா அக்கா" என்றான். அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. பிஸ்கட் தின்று யாராவது வலை இழுப்பார்களா?

ஆனால் அவர்களைச் சேர்த்து வைத்ததே அந்தப் பிஸ்கட்தான். அவள் மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகிற ஒரு கடையில் சமையலறை வேலை பார்த்தாள். தினமும் ஊரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். அந்தக் கடைக்கு இறாலும் கடம்பாக் கணவாயும் கொண்டுபோய்ப் போடுவது தீனா. ஒரு காதலர் தினத்தன்று அவன் பின்வாசலில் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்தபோது, அவள் சுட்டதில் மீந்துபோன ஒன்றை எடுத்து நீட்டியிருக்கிறாள். கை முழுக்கச் செதில் என்று இவன் வாயைத் திறந்து காட்டியிருக்கிறான். அவளும் ஊட்டிவிட்டாள். மீசையெல்லாம் வெள்ளைப் பொடியோடு இவன் கரைக்கு வந்து நின்றான். பார்த்தவர்களெல்லாம் என்னடா என்னடா என்று கேட்டார்கள். அன்றைக்கு முழுவதும் அவன் மீசையைத் துடைக்கவே இல்லை.

கடலோரத்துப் பையனுக்குப் பெண் கொடுக்க அவள் வீட்டில் ஒப்பவில்லை. அவள் மாற்றுத் துணிகூட எடுக்காமல் வந்தாள். அவள் அப்பா இன்றுவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை குறையாகப் பேசியதும் இல்லை.

அதன்பிறகு வருஷா வருஷம் காதலர் தினத்தன்று அந்தப் பிஸ்கட் உண்டு. கிரிங்கிள் குக்கீஸ் என்று அதற்குப் பெயராம். கோகோ பவுடர், முட்டை, மைதா, சர்க்கரை எல்லாம் போட்டுப் பிசைந்து, மாவு நன்றாகக் குளிர்ந்த பிறகு உருண்டை பிடித்து, பொடித்த வெள்ளைச் சர்க்கரையில் புரட்டி எடுப்பாள். சூட்டில் அது உப்பி மேலே பாளம் பாளமாக வெடிக்கும். வெள்ளைக்கு நடுவே கறுப்பு தெரியும். எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் அதை வெடிப்பு பிஸ்கட் என்பார்கள். அவளிடம் ஓவன் கிடையாது. பெரிய அலுமினியக் குண்டானில் கடற்கரை மணலைக் கொட்டிச் சூடேற்றி, அதன்மேல் தட்டு வைத்து மூடித்தான் சுடுவாள். முதல் பிஸ்கட்டை தீனாதான் தின்ன வேண்டும். அதுவரை அவள் மாவைக்கூட நக்கிப் பார்க்கமாட்டாள்.

அன்றைக்குத்தான் சிறுசேரி ஆபீஸ் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக பைக்கில் மாமல்லபுரத்துக்குப் போவார்கள். நான் வேலை பார்க்கிற பால்வாடி வாசலில் நின்று முணுமுணுப்பேன். தீனா வீட்டுக்குப் போனால் அங்கே இவர்கள் இரண்டு பேரும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டிருப்பார்கள். திட்டிக்கொண்டே நானும் நாலு தின்பேன்.

போன வருஷம் தீனாவுக்கு நாக்கின் அடியில் ஒரு புண் வந்தது. புகையிலை போட்டு வந்த புண், ஆறிவிடும் என்றான். ஆறவில்லை. புற்று என்று ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டு, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். வாரக்கணக்கில் பூங்கொடி அவனைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள். கன்னம் கறுத்து, எச்சில் வற்றி, மீசை உதிர்ந்து, அவன் பாதி ஆளானான். புண் ஆறியது. ருசி மட்டும் திரும்பவில்லை.

"மண்ணத் துன்ற மாதிரி கீதுக்கா" என்று தட்டைத் தள்ளிவிடுவான். வாயில் வைப்பது எதுவானாலும் ஒன்றுதான். டாக்டரம்மாவிடம் பூங்கொடி கேட்டாள். சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு நாளாகும், சிலருக்கு வராமலே போவதும் உண்டு, எப்படியாவது சாப்பிட வையுங்கள், எடை குறையக் கூடாது என்று அந்தம்மா சொன்னார். பூங்கொடிக்குக் காதில் விழுந்தது முதல் பாதிதான். ருசி வந்தால் சாப்பிடுவான், சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வான். அவளுக்கு உலகம் அவ்வளவாகச் சுருங்கிப்போனது.

அன்றைக்குச் சாயந்திரமே எங்கள் குப்பத்து எல்லையம்மன் கோயிலுக்குப் போனாள். தன் புருஷன் நாக்குக்கு உப்பு தெரிகிறவரை தானும் உப்பு போட்டுச் சாப்பிடுவதில்லை என்று வேண்டிக்கொண்டாள். இந்த வேண்டுதல் எங்கள் பக்கம் புதிதல்ல. கடலுக்குப் போன ஆள் திரும்பவில்லையென்றால் பெண்கள் உப்பை விட்டுவிடுவார்கள். ஆனால் அது ஒரு நாளோ இரண்டு நாளோ. இவள் தனிச் சட்டியில் உப்பில்லாமல் வடித்த வெறும் சோற்றை மாதக்கணக்கில் விழுங்கினாள். கன்னம் ஒட்டிப்போனது. ஒருநாள் குழாயடியில் குடத்தோடு மயங்கி விழுந்தாள்.

"அவனுக்குத்தான் வியாதி. உனக்கின்னாடி கேடு? சாமி உன்ன சாவச் சொல்லிச்சா?" என்று நான் கத்தினேன். தீனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

பொங்கலன்று அவன் ஒரு வாய் பொங்கலைத் தின்றுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "பூவு, இனிப்பு தெரியுது" என்றான்.

அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். "நெஜமாவா மாமா?"

"அட, நெஜமாதான். உப்பும் தெரியுது. குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்."

அவள் அழுதுகொண்டே கோயிலுக்கு ஓடினாள். ஒரு பொட்டலம் கல் உப்பை அம்மன் முன்னால் கொட்டிவிட்டு வந்து, அவன் தட்டிலிருந்தே குழம்பை அள்ளி அள்ளித் தின்றாள். நானும் அழுதேன், எனக்கென்ன கல் மனசா? அன்றிலிருந்து அவன் தட்டைத் தள்ளவில்லை. வைத்ததை மெல்ல மெல்லச் சாப்பிட்டான். அவளுக்கும் முகத்தில் ரத்தம் ஊறியது.

பிறகு காதலர் தினம் வந்தது. அவள் முதல் நாளே கோகோவும் மைதாவும் வாங்கி வைத்துவிட்டாள். இந்த வருஷம் பிஸ்கட் சுட்டே ஆகவேண்டும் என்றாள். உள்ளே மெத்தென்று இருக்கும், பாலில் நனைத்தால் எச்சில் இல்லாத வாயிலும் இறங்கும் என்றாள்.

பால்வாடி விட்டு நான் போனபோது அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். காலையிலேயே எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. மாவு குளிர வேண்டும், இல்லாவிட்டால் உருண்டை நிற்காது, வெடிப்பும் விழாது. ஃபிரிஜ் கதவைத் திறந்தால் உள்ளே வெளியைவிடப் புழுக்கம்.

"இதுக்குப் போயி பேஜாராவுறியே. அவன் பெட்டி சும்மாதான கீது" என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டு, கொல்லையிலிருந்து தீனாவின் மீன் பெட்டியை இழுத்துவந்தாள். அவன் கடலுக்குப் போகாமல் விட்டதிலிருந்து அது காய்ந்து கிடந்தது. தேய்த்துக் கழுவினாள். கரைக்கு ஓடி ஒரு கூடை உடைத்த ஐஸ் வாங்கிவந்து கொட்டினாள். மாவு கிண்ணத்தை நடுவில் புதைத்து ஒரு தட்டால் மூடினாள். பிறகு இரண்டு கை கல் உப்பை அள்ளி ஐஸ் மேல் தூவினாள். ஜில்லிப்பு ஏறுவதற்கு எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். இத்தனை வருஷத்தில் எங்களிடம் அவள் கற்றுக்கொண்டது அந்த ஒன்று.

"பாரேன், மீன்காரியா ஆயிட்ட" என்று கிண்டல் செய்தேன். உள்ளே இருந்து தீனாவும் சிரித்தான்.

பெட்டியைத் திறந்தபோது மாவு கல்லாகக் குளிர்ந்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் நீர் கோத்திருந்தது. ஜில்லிப்புக்கு வியர்த்திருக்கிறது என்று ஒரு கை மைதாவைச் சேர்த்துப் பிசைந்தாள். உருட்டினாள், வெள்ளைச் சர்க்கரையில் புரட்டினாள், மணல் குண்டானில் வைத்தாள். இந்த வருஷம் போல வெடிப்பு என்றுமே விழுந்ததில்லை. வீடு முழுக்கச் சாக்லேட் வாசனை.

தீனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் ஒரு பிஸ்கட்டைப் பாலில் நனைத்து ஊட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

"எப்டி கீது?"

"அப்டியே கீது பூவு. அன்னிக்கு கடைல குட்த்த அதே டேஸ்டு. இனிப்பு தூக்கலா, உள்ள லேசா கசப்பா... அய்யோ!" என்றான். மீசை இல்லாத மேலுதட்டில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.

அவள் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். நான் அதைப் பார்த்தபடியே ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

உப்பு. அலையில் விழுந்து ஒரு வாய் கடல் தண்ணீரைக் குடித்ததுபோல் நாக்கு எரிந்தது. ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் தட்டுக்கு அடியில் புகுந்து மாவில் இறங்கியிருக்கிறது. "இன்னாடி இது கண்றாவி" என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். தீனா இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னொன்னு குடு. இனிப்பு நாக்குல நிக்குது" என்றான்.

என் வாய் மூடிக்கொண்டது. அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. உப்பும் தெரியவில்லை, இனிப்பும் தெரியவில்லை. பொங்கலன்றும் தெரிந்திருக்கவில்லை. மண்ணைத்தான் இத்தனை நாளும் எங்கள் முன்னால் சிரித்துக்கொண்டு தின்றிருக்கிறான்.

பூங்கொடி தனக்கு ஒன்றை எடுத்தாள். "நீ அப்பறம் துன்னு, மொதல்ல போயி எனக்குத் தண்ணி கொண்டா" என்று அவள் கையைப் பிடித்தேன். "இரு அக்கா" என்று அவள் அதற்குள் கடித்துவிட்டாள்.

இரண்டு தரம் மென்றாள். நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் ஆவலோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பூவு, நல்லா வர்லியா?"

அவள் மென்று விழுங்கினாள். கையில் மிச்சம் இருந்ததையும் வாயில் போட்டு விழுங்கினாள். "இந்த வாட்டிதான் மாமா நல்லா வந்துகீது" என்றாள். அவன் நீட்டிய கையில் இரண்டாவதை மட்டும் கொடுக்கவில்லை. பாலைக் குடி, வயிறு தாங்காது என்று டம்ளரைக் கொடுத்தாள்.

கொல்லையில் குண்டான் மணலைக் கொட்டும்போது அவளுக்கு அழுகை பீறிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"எனக்கு சோறு எறங்கணும்னு பொய் சொல்லிகினு கீறாருக்கா."

"நான் போயி கேக்கறேன் அவன..."

"வோணாம்க்கா. சொல்லிடாத. பொய்யுன்னு எனக்குத் தெரிஞ்சிட்சின்னு தெரிஞ்சா நாளைலேந்து தட்டைத் தள்ளிடுவாரு."

எனக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. மீதிப் பிஸ்கட்டையெல்லாம் மணலோடு சேர்த்துக் குழி தோண்டிப் புதைத்தோம். பிள்ளைகளுக்குக் கொடுத்தாயிற்று என்று அவனிடம் சொன்னாள். "எனக்கு நாலு எடுத்து வெச்சிருக்கலாம் இல்ல" என்று அவன் கோபித்துக்கொண்டான்.

மறுநாள் மதியம் அங்கே சாப்பிட உட்கார்ந்தேன். குழைய வடித்த சோறு, மிளகாய் போடாத சங்கரா குழம்பு. பூங்கொடி மூன்று தட்டிலும் ஒரே சட்டியிலிருந்து ஊற்றினாள். நான் ஒரு வாய் வைத்தேன். குழம்பில் ஒரு கல் உப்பு இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மனிடம் வைத்த வேண்டுதலை மறுபடி தொடங்கிவிட்டாள். இந்த முறை தனிச் சட்டிகூட அவளுக்குத் தேவைப்படவில்லை.

தீனா ஒரு கவளத்தை விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினான். "கொழம்பு சூப்பரு. உப்பு கரீட்டா கீது பூவு" என்றான்.

"ஆமா மாமா" என்றாள் அவள்.

நான் உப்பு கேட்கவில்லை. தட்டில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டேன்.