அக்காவின் வகுப்பில்

எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு கரும்பலகைதான். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் அக்கா. அங்கே படிப்பிக்கிற சேர் கேட்கிற கணக்குக்கு இங்கிருந்தே விடை சொல்லிவிடுவேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. ஒருநாள் அக்கா விடை தெரியாமல் எழுந்து நின்றபோதும் சொன்னேன். மறுவாரமே பள்ளிக்கூட அதிபர் என்னை ஏழாம் வகுப்புக்கு ஏற்றி, அக்காவின் வாங்கிலேயே உட்கார வைத்தார்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொழுந்தெடுக்கப் போகுமுன் எல்லாரும் கூடுகிற பெரட்டில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டார். அவருக்கு மகள் ஒருத்திதான் என்று கேட்டவர்கள் நினைத்திருப்பார்கள். அக்கா வாங்கில் ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன் என்றால் பொய். நான் கிட்டப் போனால், சின்னப்பிள்ளை வருது என்று பெரிய பிள்ளைகள் பேச்சை நிறுத்துவார்கள். பழைய கூட்டாளிகளோ என்னைக் கண்டதும் ஒதுங்கினார்கள். அந்த எரிச்சலை எல்லாம் பாடத்தில் காட்டினேன். எந்தக் கேள்விக்கும் முந்திக்கொண்டேன். பக்கத்தில் அக்கா வாய் திறப்பதே நின்றுபோனது எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஆண்டே அக்கா பெரியவளானாள். வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவின் மூலையில் சேலை கட்டி மறைத்து உட்கார வைத்தார்கள். பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றி, மாமன் சீர் கொண்டுவந்து, எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடச் சட்டையைத் தொடவில்லை. அப்பா அதட்டிப் பார்த்தார். பிறகு, வயதுக்கு வந்த பிள்ளைதானே, வீட்டில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். லயத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும்.

தவணைப் பரீட்சையில் கணக்குத் தாளை வெறுமையாகக் கொடுத்தேன். ஃபெயிலானால் என்னை ஆறாம் வகுப்புக்கே அனுப்பிவிடுவார்கள், அக்கா திரும்பி வருவாள் என்று நினைத்தேன். அதிபர் அம்மாவைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தார். வீட்டில் அக்கா அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். அம்மா அடுப்படிக்குப் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"எனக்காகத்தானே எழுதாம விட்ட?" என்றாள். நான் தலையாட்டினேன்.

"நீ எறங்கி வந்தாத்தான் எனக்குப் படிப்பு வரும்னு நெனச்சிட்டியா? நீயுமா அப்படி நெனச்ச?"

அவள் சத்தம் போடவில்லை. தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுத் தம்பிக்குச் சோறு ஊட்டப் போனாள். அதிபர் என்னை இறக்கவில்லை. அக்காவும் அதன்பிறகு பள்ளிக்கூடம் வரவேயில்லை.

இப்போது நான் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அக்கா கொழுந்தெடுக்கிறாள். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன், எல்லாம் பேசுகிறோம். இன்றுவரை அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிடுவாள். அதை என்னால் தாங்க முடியாது.